செப்புக் கோடும் செய்யுட் கட்டும்

ஓசைக் கருவியொன்றைக் கண்ணால் மாத்திரம் பார்த்து, "இதுவே சிறந்தது" என்று தீர்ப்பெழுதிய மூவருள் நானும் ஒருவன். அத்தீர்ப்புப் பிழை. அதனைத் திருத்த விதிமுறை இடங்கொடுக்கவில்லை. ஆதலின் அப்பிழையை இங்கே ஒப்புக்கொண்டு, அதனால் நான் கற்ற பாடத்தை ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய வாசகர் முன் வைக்கின்றேன். தமிழ்ப் பண்டிதனுக்கும் மின்சுற்றுக்கும் என்ன உறவு என்று நகைப்போர் சிறிது பொறுத்தருள்க. உறவு உண்டு. அதனைக் காட்டுதலும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாடசாலைக் கண்காட்சி ஒன்று. மாணவர் செய்த பொருள்கள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு விளக்கக் குறிப்பு. குறிப்புகளின் மொழிநடையை மதிப்பிடும் பொருட்டு என்னையும் நடுவருள் ஒருவனாக அமர்த்தியிருந்தார்கள். அவ்வரிசையில் மின் கிற்றாருக்குரிய பெடல்கள் இரண்டு இருந்தன. இரண்டும் ஒரே சுற்று, செய்தவர் இருவர். ஒன்றின் உள்ளே பச்சை நிறப் பலகை. கோடுகள் அச்சுப்போலத் திருத்தமாக ஓடின. உறுப்புகளின் பெயர்கள் வெள்ளெழுத்திற் பொறிக்கப்பட்டிருந்தன. மற்றதன் உள்ளே மங்கிய மஞ்சட் பலகை. கையால் இழுத்த செப்புக் கோடுகள் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் கிடந்தன. குறுக்கே ஒரு கம்பித்துண்டு பாலம்போல வளைந்து நின்றது. மண்டபத்தில் ஓசை எழுப்பலாகாது என்பது அன்றைய கட்டளை. மூவரும் பார்த்தோம். பச்சைப் பலகைக்கு முதற் பரிசு என்றோம். கையொப்பமும் இட்டோம்.

பெடல் என்பது யாது? மின் கிற்றார் வாசிப்போர் காலடியில் வைத்து மிதிக்கும் சிறு பெட்டி. கிற்றாரின் உருக்குக் கம்பி அதிரும்போது, அதன் கீழுள்ள காந்தச் சுருளிற் சிறு மின்னழுத்தம் பிறக்கின்றது. அது ஒரு வோற்றின் சிறு பின்னமே. அம்மெல்லலை பெட்டியினுட் புகுந்து, வேறோர் உருக்கொண்டு, ஒலிபெருக்கியை அடைகின்றது. அன்று நான் கண்டவை ஓசையைக் கரகரப்பாக்கும் இனம். வாசிப்போர் அதனை 'ஃபஸ்' என்பர்.

"நல்ல ஓசையைக் கெடுப்பதற்கும் ஒரு கருவியா?" என்று என் பக்கத்தில் நின்ற நண்பர் கேட்டார். கேள்வி நியாயமானதே. இவ்வோசை பிறந்ததும் ஒரு கெடுதியினாலேதான். 1961ஆம் ஆண்டில் வெளிவந்த மார்ட்டி றொபின்ஸ் என்பாரின் பாடலொன்று அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஒலிப்பதிவாயிற்று. பதிவுப் பலகையில் ஒரு வழி பழுதுபட்டிருந்தமையால், இடையில் வரும் கிற்றார் வாசிப்பு உறுமியது. கேட்டவர்கள் அவ்வுறுமலை விரும்பினார்கள். ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னொடி அதே உறுமலைத் திரான்சிற்றர்களால் வேண்டும்போது பிறப்பிக்க வழி கண்டார். 1962இல் கிப்சன் நிறுவனம் அதனை 'மேஸ்ரோ ஃபஸ் ரோன்' என்னும் பெட்டியாக விற்றது. 1965இல் றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவினர் ஒரு பாடலில் அதனை வாசித்த பின்னர் உலகம் அதனை அறிந்தது.

அலையின் முடியும் அடியும் வெட்டுப்படும்போது, மூல ஓசையோடு மேற்றொனிகள் பல புதியனவாய்ப் பிறக்கின்றன. அவையே கரகரப்பு. இது நமக்கு முற்றிலும் புதியதன்று. நமது தம்புராவின் பாலத்திற் கம்பியின் கீழே ஒரு நூலிழையைச் செருகுகின்றோம். அதனை ஜீவாளி என்பர். அவ்விழை கம்பியின் வெறும் ஓசையைச் சற்றே சிதைத்து, மேற்றொனிகளை எழுப்பி, இரீங்கார நாதமாக்குகின்றது. சிதைவினால் நிறைவு வரும் என்பதை நமது இசைவாணர் முன்னரே கண்டிருந்தனர். ஆகவே நண்பரின் முதற்கேள்வி இதனோடு தீர்ந்தது.

இரண்டு படங்கள்

மாணவர் இருவரும் எடுத்துக்கொண்டது 'ஃபஸ் பேஸ்' என்னும் பெடலின் சுற்று. 1966இல் இலண்டனில் ஆர்பிற்றர் நிறுவனத்தார் வெளியிட்டது. ஜிமி ஹென்றிக்ஸ் வாசித்துப் புகழ் பெற்றது. அதன் உறுப்புகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். திரான்சிற்றர் இரண்டு, தடையி நான்கு, கொள்ளளவி மூன்று, திருகி மாற்றும் தடையி இரண்டு. ஆகப் பதினொன்று. ஒரு வெண்பாவின் பதினைந்து சீரிலும் குறைவு.

இனி உற்றுநோக்க வேண்டிய இடம் இதுவே. ஒரு சுற்றுக்குப் படம் இரண்டு உண்டு. ஒன்று சுற்றுப்படம். எந்த உறுப்பு எதனோடு இணைய வேண்டும் என்பதை மாத்திரம் அது சொல்லும். தடையி எவ்வளவு நீளம், எங்கே படுத்திருக்கும், அதன் அயலில் யார் என்பன அதற்குக் கவலையல்ல. மற்றது அமைப்புப்படம். மெய்யான உறுப்புகள் மெய்யான பலகையில் எங்கெங்கே இருக்கும், செப்புக் கோடுகள் எவ்வழி போகும் என்பதை அது தீர்க்கும். முன்னது பொருள், பின்னது யாப்பு. பொருள் எல்லார்க்கும் பொது. ஃபஸ் பேஸின் சுற்றுப்படத்தை உலகெங்கும் பல்லாயிரவர் அறிவர். யாப்போ அவரவர் திறம். ஒரே பொருளைப் பாடிய புலவர் பலர். பாட்டு வேறு வேறு அன்றோ?

யாப்பு என்று உவமைக்காக மாத்திரம் சொல்லவில்லை. யாத்தல் என்றாற் கட்டுதல். கட்டுதற்கு எல்லை வேண்டும். பெடலின் எல்லை அதன் பெட்டி. பலரும் விரும்பும் சிறிய அலுமினியப் பெட்டி ஏறக்குறைய 112 மில்லிமீற்றர் நீளமும் 60 மில்லிமீற்றர் அகலமும் 31 மில்லிமீற்றர் உயரமும் உடையது. அதனுள்ளே கிற்றாரின் கம்பிவடம் வந்துபோக 6.35 மில்லிமீற்றர் ஜாக் இரண்டு, ஒன்பது முனைகள் கொண்ட கால் ஆளி ஒன்று, திருகுத் தடையி இரண்டு, ஒன்பது வோற்றுப் பற்றறி ஒன்று. இவையெல்லாம் குடிபுகுந்த பின்னர்ப் பலகைக்கு எஞ்சுவது ஒரு தீப்பெட்டியளவான இடம். பலகையிலுள்ள துளைகளையும் ஓர் அங்குலத்தின் பத்திலொரு பங்காகிய 2.54 மில்லிமீற்றர்க் கட்டங்களில் அமைத்தல் மரபு. தளை தட்டாமற் சீர் வைப்பதுபோல அக்கட்டந் தவறாமற் கால் வைக்க வேண்டும்.

அடுத்த விதி இன்னும் கடுமையானது. ஒருபக்கச் செப்புப் பலகையில் இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லலாகா. வெட்டினால் இரண்டும் ஒன்றாகிவிடும். இதனை அந்த மாணவன் சொல்லக் கேட்டபோது எனக்கு நாகபந்தம் நினைவுக்கு வந்தது. தண்டியலங்காரம் கூறும் சித்திரகவிகளுள் அது ஒன்று. பின்னிப் பிணையும் பாம்புகளின் உடலிற் செய்யுட்களை எழுத்தெழுத்தாக அடைக்க வேண்டும். உடல்கள் வெட்டும் இடத்தில் நிற்கும் எழுத்து ஒன்றே. அது இரண்டு வழிக்கும் பொதுவாகப் பொருந்த வேண்டும். செப்புக் கோட்டின் நியதியும் அதுவே. பொதுவாக இருக்கத்தக்க இடத்தில் மாத்திரம் சந்திக்கலாம். அல்லாத இடத்தில் விலக வேண்டும். விலக வழியில்லையாயின் மேலே ஒரு கம்பிப் பாலம் போட வேண்டும். பாலக் கம்பி அசைநிலை போன்றது. பொருளைக் கெடுக்காது, ஆயினும் கட்டுத் தளர்ந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும். வல்லவன் ஒரு தடையியைத் திருப்பிப் போட்டு, அதன் இரு கால்களுக்கும் நடுவே கோட்டைப் புகுத்திப் பாலத்தைத் தவிர்ப்பான். தடையியின் உடலே பாலமாகிவிடுகின்றது.

எல்லாக் கோடும் இணைந்துவிட்டாற் போதுமா? போதாது. இலக்கணம் பிழையாத செய்யுளெல்லாம் கவிதையாவதில்லை. ஃபஸ் பேஸில் இரண்டு திரான்சிற்றர்களும் அலையை மிகப் பெருக்குகின்றன. முதலாவது அலையைத் தலைகீழாக்கும். இரண்டாவது மீண்டும் நேராக்கும். ஆதலின் வெளியீட்டுக் கோடு உள்ளீட்டுக் கோட்டின் அருகே சென்றால், சிறிது கசிந்த அலையும் தன்னைத்தானே வளர்த்துக்கொண்டு கூவத் தொடங்கும். ஒலிவாங்கியை ஒலிபெருக்கியின் முன்னே பிடித்தாற் கூவுமே, அதுபோல. ஆகவே உள்ளீடு ஒரு கரையிலும் வெளியீடு மறு கரையிலும் இருத்தல் நன்று. உள்ளீட்டுக் கோடு நீண்டால் வீட்டு மின்சாரத்தின் இரைச்சலை அள்ளிக்கொள்ளும். அது குறுக வேண்டும். புவிக்கோடு அகன்று செல்ல வேண்டும். அலுமினியப் பெட்டியும் புவிக்கோட்டோடு இணைந்தால் வெளியிரைச்சலைத் தடுக்கும் மதிலாகும். இவற்றுள் ஒன்றையேனும் சுற்றுப்படம் சொல்லாது. சொல்வது அமைத்தவனின் அறிவு.

கண்ணாடி விம்பம்

மஞ்சட் பலகை மாணவன் தன் குறிப்பேட்டை எனக்குக் காட்டியது பரிசளிப்பு முடிந்த பின்னரே. கட்டத்தாளில் ஐந்து அமைப்புப்படங்கள். முதலாவதிற் பாலங்கள் நான்கு. இரண்டாவதில் மூன்று. நான்காவதில் ஒன்று. ஐந்தாவது, போட்டிக்குப் பலகை செய்து முடிந்த பின்னர் வரைந்தது. அதிற் பாலம் இல்லை. ஓலையிலே அடித்துத் திருத்திய புலவனின் கைச்சுவடியைக் காண்பதுபோல இருந்தது.

நான்காவது படத்தைப் பலகையில் இறக்கியபோது அவன் ஒரு பிழை செய்தான். உறுப்புகள் இருக்கும் மேற்பக்கத்திலிருந்து பார்த்தவாறு வரைந்த படம் அது. செப்பு இருப்பதோ கீழ்ப்பக்கம். படத்தை இடம்வலமாகத் திருப்பிய பின்னரே செப்பில் வரைய வேண்டும். அவன் திருப்பாமல் அப்படியே மையெழுதுகோலால் வரைந்துவிட்டான். மை மூடிய செப்பு நிலைக்கும், மூடாத செப்புப் பெரிக்குளோரைட்டுக் கரைசலிற் கரையும் என்பது முறை. கரைத்துக் கழுவி எடுத்துப் பார்த்தால், பலகை முழுவதும் கண்ணாடி விம்பம்.

"அழுதாயா?" என்று கேட்டேன்.

"ஒரு இரவு படுக்கேல்லை, ஐயா. பிறகு யோசிச்சுப் பார்த்தன். தடையிக்கு இடம்வலம் இல்லை. கொள்ளளவிக்கு நேர்முனை எங்கே எண்டு பார்த்து வைச்சாற் சரி. திரான்சிற்றருக்கு மூன்று கால் ஒரு நிரையிலே. அதை அரைவட்டம் திருப்பி வைச்சால் விம்பம் நேராகிப் போகும்."

எத்துணைத் தெளிவு! எட்டுக் காலுடைய ஒருங்கிணைந்த சுற்று ஒன்று அதில் இருந்திருப்பின் இவ்வழி பலியாது; இரு நிரையாக நிற்கும் கால்களை எப்படித் திருப்பினும் விம்பம் நேராகாது. இதனையும் அவனே சொன்னான். பிழை செய்து, பிழையின் எல்லை இதுவென்று அளந்து, அதனுள்ளே வழி கண்டவன் அவன். விம்பமான பலகையிலேயே பெடலைச் செய்து முடித்துக் கண்காட்சிக்குக் கொண்டுவந்தான். அதைத்தான் நாங்கள் "தோற்றப் பொலிவு குறைவு" என்று எழுதினோம்.

ஒன்று இடையிற் சொல்லல் வேண்டும். பயன்படுத்திய பெரிக்குளோரைட்டுக் கரைசலில் செம்பு கரைந்திருக்கும். அது நஞ்சு. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே நாம் குடிப்பது சுண்ணக்கற் பாறைக்குள்ளே தங்கும் நிலத்தடி நீர். மேலே ஊற்றியது கீழே கிணற்றைச் சேர நெடுநாட் செல்லாது. அக்கரைசலை மண்ணிலோ கழுவுதொட்டியிலோ ஊற்றுதல் தகாது. பிளாத்திக்குப் போத்தலில் அடைத்துப் பாடசாலை ஆய்கூடத்திடம் ஒப்படைத்தல் வேண்டும். இம்மாணவன் போத்தலில் அடைத்தே வைத்திருந்தான். அதற்கும் நாங்கள் புள்ளி கொடுக்கவில்லை. புள்ளித் திட்டத்தில் அதற்கு இடமில்லை.

கால் மாறிய கதை

அன்று மாலை மண்டபம் ஒழிந்தது. இசையாசிரியர் ஒரு கிற்றாரும் சிறிய ஒலிபெருக்கியும் கொண்டுவந்தார். மஞ்சட் பலகையை முதலில் மாட்டினார். உறுமிற்று. சிறிது இரைச்சலும் இருந்தது. பின்னர்ப் பரிசு பெற்ற பச்சைப் பலகையை மாட்டினார். பசித்த பூனையின் குரல்போல ஓசை மெலிந்து வந்தது. அவர் திருகினார், நீண்ட நேரம் திருகினார். மெலிவு மாறவில்லை.

அதனைச் செய்த மாணவன் நல்ல பிள்ளை. "இந்த அமைப்பு நான் வரைஞ்சதில்லை, ஐயா. இணையத்திலே ஒருத்தர் போட்டது. அயல்நாட்டு ஆலை ஒன்றுக்கு அனுப்பிப் பலகை எடுப்பிச்சன். பற்றாசு பிடிச்சது மட்டுந்தான் நான்" என்று மறைக்காமற் சொன்னான். காலையிலும் அவன் மறைத்திருக்கமாட்டான். அமைப்புப்படம் யாருடையது என்று நாங்கள் கேட்கவில்லை. கேளாத கேள்விக்கு விடை சொல்லாதது குற்றமாகாது.

மஞ்சட் பலகையான் அருகில் வந்து திரான்சிற்றரின் மேலிருந்த எண்ணை வாசித்தான். "கால் மாறியிருக்குது" என்றான். விளக்கமும் சொன்னான். அவ்வமைப்பு 2 என் 3904 என்னும் திரான்சிற்றருக்காக வரையப்பட்டது. தட்டையான முகம் நம்மை நோக்க, அதன் கால்கள் இடமிருந்து வலமாகக் காலி, அடி, சேகரிப்பான் என்று நிற்கும். கடையிற் கிடைத்ததோ பிசி 547. அதன் கால்கள் சேகரிப்பான், அடி, காலி என்று நிற்கும். உருவம் ஒன்றே, ஒழுங்கு தலைகீழ். பலகையிற் பொறித்த வெள்ளைக் குறியைப் பார்த்து முகம் பொருந்த வைத்தால் காலியும் சேகரிப்பானும் இடம் மாறிவிடும். அப்படி மாறினாலும் திரான்சிற்றர் முற்றாக ஊமையாவதில்லை; விரியலாக்கம் மிகக் குறைந்துவிடும். அதுவே பூனைக் குரல். பற்றாசை உருக்கி, இரண்டையும் கழற்றி, அரைவட்டம் திருப்பி வைத்தான். கால் மணி நேர வேலை. பச்சைப் பலகையும் உறுமிற்று.

திருப்பி வைத்தாற் சரியாகும் என்பது அவனுக்கு எப்படித் தெரிந்தது? கண்ணாடி விம்பத்தோடு ஓரிரவு கண்விழித்தமையால் தெரிந்தது. அவனுடைய பிழையே மற்றவனுடைய பெடலைக் காப்பாற்றியது.

பொருள் அறியாமற் சுவடி பெயர்த்தெழுதினோர் பலர் நமது நாட்டில் இருந்தனர். அவர் கை அழகாக இருக்கும். பிழையும் அழகாகவே பெயரும். 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் பட்ட பாடெல்லாம், அழகான பிழைகளிலிருந்து மெய்யான பாடத்தை மீட்பதற்காகவன்றோ? பெயர்த்தெழுதியவனால் மீட்க முடியாது. யாப்பறிந்தவனால் முடியும், எந்தச் சீர் எங்கே நிற்கத் தகும் என்பதை அவன் அறிவான்.

மூன்று தடைகள்

இதனை நண்பர்களிடம் சொன்னபோது தடைகள் மூன்று எழுந்தன.

முதலாவது: "தேர்ந்தவர் வரைந்து சோதித்த அமைப்புகள் இலவசமாகக் கிடைக்கும்போது, மாணவன் ஏன் மினக்கெட வேண்டும்?" நான் பிறர் அமைப்பைப் பயன்படுத்தலாகாது என்று சொல்லவில்லை. நல்ல அமைப்பை வரைந்து உலகுக்கு ஈந்தவர் நன்றிக்குரியவர். அவர் பெயரைக் குறிப்பில் எழுதுதல் கடமை. நான் கேட்பது, பிறர் செய்யுளைப் படிக்குமுன்னோ பின்னோ, ஒருமுறையேனும் தானே ஒரு செய்யுள் கட்டிப் பார் என்பதே. கட்டிப் பார்த்தவனுக்குத்தான் பிறர் கட்டின் அருமை தெரியும். பதினொரு உறுப்புள்ள சுற்று அதற்கு ஏற்ற அளவு. மூன்று மாலைப்பொழுதும் ஒரு கட்டத்தாளும் ஓர் அழிறப்பரும் போதும்.

இரண்டாவது: "இன்று கணினி வரைகின்றதே?" வரையட்டும். 1992இல் பிரான்சில் ஒருவர் தொடங்கிய கிக்காட் என்னும் மென்பொருள் இன்று யாவர்க்கும் இலவசம். கோடுகள் மிக நெருங்கினால் அது எச்சரிக்கும். இணைக்காமல் விட்ட முனையைச் சுட்டும். எழுத்துப்பிழை பார்க்கும் துணைவனாக அது மிக நன்று. ஆனால் உள்ளீட்டையும் வெளியீட்டையும் ஏன் பிரித்து வைக்க வேண்டும் என்பதை வரைபவன் அதற்குச் சொல்ல வேண்டும். கடையிற் கிடைத்த திரான்சிற்றரின் கால் ஒழுங்கையும் அவனே பார்க்க வேண்டும். அறிந்தவன் கையிற் கணினி நல்ல ஏவலாள். அறியாதவன் கையில் அதுவும் ஒரு சுவடி பெயர்ப்பவனே.

மூன்றாவது: "இது தமிழாசிரியர் பேசும் பொருளா?" இத்தடைக்குத்தான் நான் அதிகம் விடை சொல்ல விரும்புகின்றேன். மஞ்சட் பலகை மாணவனின் விளக்கக் குறிப்பு இரண்டு பக்கம். தடையி, கொள்ளளவி, விரியலாக்கம், அடி, காலி, சேகரிப்பான் என்று வகுப்பிற் கற்ற சொற்களை அவன் எழுதியிருந்தான். 1950களிலும் 1960களிலும் இந்நாட்டில் அரசகரும மொழித் திணைக்களத்தார் வெளியிட்ட கலைச்சொற் றொகுதிகளின் வழியாகவும், பின்வந்த பாடநூல்களின் வழியாகவும் நிலைபெற்ற சொல்மரபு அது. பெடல், ஜாக் என்பவற்றை வழக்கிலுள்ளவாறே எழுதியிருந்தான். பற்றாசு என்னும் சொல்லுக்கு மாத்திரம் அவன் யாரிடமும் கடன்படவில்லை. பொற்கொல்லர் பட்டறையில் அது நெடுநாள் வாழும் சொல். "உள்ளீட்டுக் கோட்டைக் குறுக்கினேன், ஏனெனில் அது நீண்டால் இரைச்சலை வாங்கும்" என்பது அவன் எழுதிய வாக்கியம். செயல் ஒன்று; காரணம் ஒன்று; இடையில் வீண் சொல் இல்லை. பச்சைப் பலகையின் குறிப்போ ஆறு பக்கம். நவீன உலகில் விஞ்ஞானத்தின் மகத்துவம் பற்றிய முகவுரையே இரண்டு பக்கம். மொழிநடைக்கு நான் எதற்கு அதிக புள்ளி கொடுத்தேன் என்று கேட்பீராயின், வெட்கத்தோடு சொல்கின்றேன்: முகவுரைக்குக் கொடுத்தேன்.

ஏன் கொடுத்தேன்? அம்முகவுரை எனக்குப் பழக்கமானது. பரீட்சைக்காக நானும் என்போன்றோரும் ஆண்டுதோறும் சொல்லி எழுதுவிக்கும் மாதிரிக் கட்டுரையின் வார்ப்பு அது. தலைப்பு எதுவாயினும் முகவுரை ஒன்று, முடிவுரை ஒன்று. மாணவன் செய்ய வேண்டியது இடையிற் பற்றாசு பிடிப்பது மாத்திரமே. அப்படியானால் ஆயத்தப் பலகையை வாங்கி மாட்டிய மாணவனை நான் எந்த முகத்தோடு குறைகூறுவேன்? அவன் மின்னியலிற் செய்ததை நான் தமிழிற் செய்யப் பழக்கியிருக்கின்றேன்.

செய்யத்தக்கது

குறை சொல்லி ஒழிதல் ஆசிரியனுக்கு அழகன்று. கண்காட்சி நடத்துவோர்க்கும் செயற்றிட்டங்களுக்குப் புள்ளியிடுவோர்க்கும் நான்கு வேண்டுகோள்கள் விடுக்கின்றேன்.

ஓசைக் கருவியாயின் கேட்டு மதிப்பிடுக. மண்டபத்தில் இடமில்லையேல் மரநிழலில் ஓர் ஒலிபெருக்கி வைத்துக் கேட்கலாம்.

சுற்றுப்படம் யாருடையது, அமைப்புப்படம் யாருடையது என்னும் இரண்டையும் தனித்தனியே கேட்டு எழுதுவிக்குக. பிறருடையதாயின் பெயர் சொல்லட்டும். அதற்காகப் புள்ளி குறைத்தல் வேண்டாம். தனதாயின் அதற்கென்று புள்ளி தனியே இருக்கட்டும்.

அடித்துத் திருத்திய தாள்களைப் பொருளோடு கூட வைக்கச் செய்க. ஐந்து படங்களில் நான்கு பாலம் ஒன்றாகிப் பின் இல்லாமற் போவதைக் கண்ணாற் காண்பதிலும் சிறந்த சான்று வேறில்லை.

முடிவாக, ஓர் உறுப்பைத் தொட்டு, "இஃது ஏன் இவ்விடத்தில் இருக்கின்றது?" என்று கேட்க. இக்கேள்வி ஒன்றே போதும். தமிழ் வகுப்பிலும் இதனையே கேட்கலாம்: இச்சொல் ஏன் இவ்விடத்தில் இருக்கின்றது?

தீர்ப்பை மாற்றலாமா என்று மறுநாள் மற்றை நடுவர்களிடம் கேட்டேன். அவர்களும் வருந்தினார்கள். ஆயினும் கையொப்பம் இட்ட தாள் மேலிடத்துக்குப் போய்விட்டது என்றும், மீட்க வழியில்லை என்றும் சொன்னார்கள். சில கிழமைகளின் பின்னர் மாணவனைக் கண்டு, ஆறாவது படம் வரைந்தாயா என்று கேட்டேன்.

"இல்லை ஐயா. பரிசு வராத வேலைக்கு ஏன் மினக்கெடுகிறாய் எண்டு அப்பா கேட்டவர். சோதினை முடியுமட்டும் சாமானெல்லாத்தையும் பெட்டியிலே போட்டுக் கட்டி வைச்சாச்சு."

தந்தையை நான் நோகேன். எங்கள் தீர்ப்பை நம்பியே அவர் அப்படிச் சொன்னார். அத்தீர்ப்புப் பிழை என்பதை அவர் அறியட்டும் என்றே இதனை எழுதினேன். இப்பத்திரிகை அவர் வீட்டிற்கும் போகின்றது.